பனியில் சறுக்கிய கார்: பிழை யாருக்கு, சிகிச்சை யாருக்கு?

ஒன்ராறியோவில் இருந்து ஒரு வாசகி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 44. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி, வீடு அஜாக்ஸில். ஜனவரிக் கடைசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து, கூட வேலை செய்யும் ஒரு அக்காவையும் ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் கிழக்கே வந்திருக்கிறார். முதல்நாள் கொட்டிய ஸ்நோவை இரவோடு இரவாக வழித்துவிட்டிருந்தார்கள். நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லை. வெளியேறும் வளைவில் இறங்கும்போது வீதி வெறும் ஈரமாகத்தான் தெரிந்ததாம். கீழே சிவப்பு லைற்றில் ஒரு பிக்கப் நின்றது. பிரேக்கை மிதித்தார், கார் பிடிக்கவில்லை. அப்பா பழக்கியபடி விட்டு விட்டு மிதித்தார். அப்போதும் பிடிக்காமல் நேரே போய்ப் பிக்கப்பின் பின்பக்கத்தில் இடித்தது. அவர் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்த இரண்டு கார்கள் அதே இடத்தில் சறுக்கி ஓரத்துப் பனிமேட்டில் ஏறி நின்றன.

பொலிஸ் வந்து, கவனக்குறைவாக வாகனம் ஓட்டியதாக நீதிமன்ற அழைப்பாணை கொடுத்திருக்கிறது. காப்புறுதி நிறுவனம் "100 வீதம் உங்கள் பிழை" என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. அன்று தொடக்கம் கழுத்தும் இடது தோளும் வலிக்கின்றன. வாரத்தில் ஐந்து இரவு செய்தவர் இப்போது மூன்று இரவுதான் போகிறார். வலியைப் பற்றி நிறுவனத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பிழை என்னில் என்று எழுதி அனுப்பிய ஆட்களிடம் என்ன முகத்தோடு காசு கேட்கிறது?" என்று எழுதுகிறார். பக்கத்தில் இருந்த அக்காவுக்கும் நாரி வலி. அவரோ "உன்ர தலையில பாரம் ஏத்த மாட்டன்" என்று பேசாமல் இருக்கிறார்.

அத்தானிடம் இரண்டு யோசனைகள். உப்புப் போடாமல் விட்ட அரசாங்கத்தின் மீது வழக்குப் போட வேண்டும் என்பது ஒன்று. வின்ரர் ரயர் போட்டிருந்ததாகவும் வேறொரு கார் குறுக்கே வந்ததாகவும் காப்புறுதிக்குச் சொல்ல வேண்டும் என்பது மற்றது. விபத்துக்குப் பிறகு வாசகி 401 பக்கமே போகவில்லை. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறார். யன்னலில் நாலு பனித்துகள் விழுந்தாலே உள்ளங்கை வியர்க்கிறதாம். வாகனம் ஓட்டப் பழகத் தொடங்கியிருக்கும் 17 வயது மகனையும் குளிர்காலத்தில் ஸ்ரியரிங்கைத் தொட விடுவதில்லை.

கடிதத்தின் கடைசி வரி இது: "அப்பா சொல்லித்தந்த மாதிரித்தான் செய்தனான். பிறகு ஏன் நிக்கேல்லை?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். விபத்து நடந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. பிழையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள்; வலியைப் பற்றி மூன்றே வரிதான். அதனால் உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட ஒழுங்கில் எடுக்காமல், நாள் தவறினால் கைவிட்டுப் போகக்கூடியதை முதலில் எடுக்கிறேன்.

முதலில் சிகிச்சை

நீங்கள் நினைத்திருப்பது தவறு, அம்மா. ஒன்ராறியோவில் விபத்தில் காயப்பட்டவருக்கு மருத்துவம், புனர்வாழ்வு முதலிய உதவிகளைக் காப்புறுதி கொடுப்பதற்கு "யார் பிழை" என்ற கேள்வியே இல்லை. சட்டப்படியான விபத்து நன்மைகள் என்று இதற்குப் பெயர். முழுப் பிழையும் உங்களுடையது என்று முடிவான பிறகும் இந்த உரிமை உங்களுக்கு உண்டு. இத்தனை வருடமாகக் கட்டிவந்த பிரீமியத்துக்குள் இதற்கான பணமும் இருக்கிறது. நீங்கள் யாரிடமும் கைநீட்டவில்லை.

விபத்து நடந்து ஏழு நாளுக்குள், அல்லது முடிந்த அளவு விரைவாக, நன்மைகள் கோரப்போவதாக நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் படிவங்களை அனுப்பினால், கிடைத்த நாளில் இருந்து 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஏழு நாள் போய்விட்டது என்று பதற வேண்டாம். நியாயமான விளக்கம் இருந்தால் தாமதத்தை மட்டும் வைத்து உரிமையை மறுக்க முடியாது. "பிழை என்னுடையது என்பதால் கோர முடியாது என்று நினைத்திருந்தேன், அறிந்தவுடன் அறிவிக்கிறேன்" என்பதே உண்மை, அதையே சொல்லுங்கள். ஆனால் இந்த விளக்கம் ஒவ்வொரு வாரமும் பலவீனமாகிக்கொண்டே போகும். நாளைக் காலையே தொலைபேசியில் அழையுங்கள். யாரோடு பேசினீர்கள், எத்தனை மணிக்கு, கோரிக்கை இலக்கம் என்ன என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அன்றே அதே செய்தியை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

அதற்குப் பிறகு குடும்ப வைத்தியரிடம் போங்கள். கழுத்தையும் தோளையும் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். உள்ளங்கை வியர்ப்பது, 401 ஐத் தவிர்ப்பது, நித்திரை குழம்புவது எல்லாவற்றையும் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்ற காயங்களைச் "சிறு காயம்" என்று வகுத்தால் சிகிச்சைக்கான உச்ச வரம்பு 3,500 டொலர். அந்த வகைக்குள் அடங்காத காயத்துக்கு, மிகக் கடுமையான "பேரிடர்க் காயம்" என்ற வகையில் சேராவிட்டாலும், 65,000 டொலர் வரை இடமுண்டு. விபத்துக்குப் பின் வாகனம் ஓட்டவே அஞ்சும் நிலை ஒரு மனநலப் பாதிப்பாக உறுதிப்பட்டால், அது சிறு காய வரம்புக்குள் அடங்காது என்று வாதாட முடியும். எங்கள் ஆட்கள் நாரி வலியைச் சொல்வார்கள். பயத்தைச் சொல்ல மாட்டார்கள். வைத்தியரின் கோப்பில் எழுதப்படாத பயம் பின்னர் எந்த மேசையிலும் எடுபடாது.

2026 ஜூலைக்கு முன் நடந்த விபத்து என்றால், வேலைத்தலத்தில் உங்களுக்கு மருத்துவக் காப்புறுதி இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்தச் சொல்வார்கள்; மிச்சத்துக்குத்தான் கார்க் காப்புறுதி. வருமான இழப்புக்கு முதல் வாரம் எதுவும் கிடையாது. அதன்பின் மொத்தச் சம்பளத்தின் 70 வீதம், வாரத்துக்கு 400 டொலருக்கு மேற்படாமல். நீங்கள் மூன்று இரவாவது வேலை செய்வதால் இது கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பது வைத்தியர் நிரப்பும் ஓசிஎஃப்-3 என்ற இயலாமைச் சான்றிதழில் பெரிதும் தங்கியிருக்கிறது. நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் வேலை என்பதை அவருக்கு விவரமாகச் சொல்லுங்கள். நிறுவனம் ஏதாவது ஒரு நன்மையை மறுத்து எழுதினால், அந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் அனுமதிப்பத்திர மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்; பெயர் அப்படி இருந்தாலும் இந்தக் காப்புறுதித் தகராறுகளையும் விசாரிப்பது அதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விபத்துச் செய்தி பரவியதும் "நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், இதில் ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கள்" என்று வருபவர்கள் உண்டு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். நீங்கள் போகாத சிகிச்சைக்கு வரவு போட விடாதீர்கள். 3,500 டொலர் என்ற சிறு தொகை இப்படிக் கரைந்துபோய், உண்மையில் வலி கூடிய நாளில் கையில் எதுவும் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கூட வந்த அக்காவிடமும் பேசுங்கள். அவர் பெயரிலோ கணவர் பெயரிலோ கார்க் காப்புறுதி இருந்தால் அதில்தான் கோர வேண்டும். எதுவும் இல்லையென்றால் உங்கள் காப்புறுதியில் கோரலாம். விபத்து உங்கள் பெயரில் ஏற்கனவே பதிவாகிவிட்டது. அவர் நாரிக்கு வைத்தியம் செய்வதால் அது இரண்டாவது விபத்தாகப் பதியப்படாது. அவர் மௌனமாக இருந்து உங்களைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார். நீங்களே அவரைக் கையோடு வைத்தியரிடம் கூட்டிப் போனால் அந்தச் சங்கடம் தீரும்.

ஒரே பனி, இரண்டு கணக்கு

"ஸ்நோவில் சறுக்கினதுக்கு நான் எப்படிப் பிழைகாரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். மனதளவில் இந்தக் கேள்வி முழுக்க நியாயம். ஆனால் ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் பிழையைத் தங்கள் விருப்பப்படி பங்கிடுவதில்லை. தவறு நிர்ணய விதிகள் என்று 668 ஆம் இலக்க ஒழுங்குவிதி ஒன்று இருக்கிறது. காலநிலை, வீதியின் நிலை, பார்வைத் தெளிவு எதையும் கணக்கில் எடுக்காமலே பிழையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரே தடத்தில் முன்னால் நிற்கும் வாகனத்தைப் பின்னால் வருவது இடித்தால் பின்னால் வந்தவருக்கு 100 வீதம். உங்களுக்கு வந்த கடிதம் இந்த விதியின் நேரடி விளைவு. அதை எழுதியவர் உங்களைக் கெட்ட சாரதி என்று மதிப்பிடவில்லை. பனி எப்படி இருந்தது என்று பார்க்க அவருக்கு அதிகாரமே கிடையாது.

ஆகவே அந்தக் கடிதத்தோடு மல்லுக்கட்டி உங்கள் சக்தியை வீணாக்க வேண்டாம். பிக்கப் உரிமையாளரின் திருத்தச் செலவை அவருடைய நிறுவனமே கொடுக்கும். உங்கள் கைக்காசு தேவையில்லை. உங்கள் காருக்கு, மோதல் காப்புறுதி எடுத்திருந்தால், கழிவுத்தொகை (நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) போக மிச்சம் கிடைக்கும். "முதல் விபத்து மன்னிப்பு" என்ற சேர்ப்பு உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பிழை பதிவில் இருந்தபடியே இருக்கும். அதே நிறுவனத்தில் பிரீமியம் மட்டும் ஏறாது. நிறுவனம் மாறினால் அந்த மன்னிப்பு கூட வராது.

போக்குவரத்து நீதிமன்றம் அப்படி அல்ல. அங்கே பனி பேசலாம், பேச வேண்டும்.

அழைப்பாணை

உங்கள் அழைப்பாணையின் படத்தில் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 130(1) பிரிவு என்று இருக்கிறது. கவனக்குறைவாக ஓட்டுதல். குற்றம் நிரூபணமானால் 400 முதல் 2,000 டொலர் வரை அபராதம், அனுமதிப்பத்திரத்தில் தண்டனையாகப் பதியப்படும் ஆறு குறைப்புப் புள்ளிகள். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு வருடம் வரை அனுமதிப்பத்திர இடைநிறுத்தம் என்பவையும் சட்டத்தில் உண்டு. உங்களுடையது போன்ற ஒரு சம்பவத்தில் சிறையைப் பற்றி யோசித்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம். பெரிய அடி காப்புறுதியில் விழும். இந்தக் குற்றத்தை நிறுவனங்கள் பாரதூரமான ஒன்றாகவே பார்க்கின்றன. "காசைக் கட்டி முடிச்சுப் போட்டு நிம்மதியா இருப்பம்" என்று எழுதியிருக்கிறீர்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காப்புறுதி "100 வீதம் பிழை" என்று சொன்னதால் நீதிமன்றத்திலும் நீங்கள் குற்றவாளி என்று ஆகிவிடாது. கவனக்குறைவு என்பதன் அளவுகோலை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 1953 இல் வகுத்த தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது. சாரதியிடம் பூரணத்துவத்தைச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. அதே சூழ்நிலையில் சாதாரணப் புத்தியுள்ள ஒரு சாரதி எப்படி ஓட்டியிருப்பார் என்று பார்த்து, அதில் இருந்து தண்டிக்கத்தக்க அளவு விலகியிருந்தாரா என்று பார்க்க வேண்டும். அந்தச் சூழ்நிலையில் வீதியும் காலநிலையும் அடக்கம். ஈரம்போலத் தெரிந்த வளைவு, உங்கள் வேகம், முன் வாகனத்தோடு விட்ட இடைவெளி, பின்னால் அதே இடத்தில் சறுக்கிய அந்த இரண்டு கார்கள் என்று உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அந்த இரண்டு கார்களைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெறுமதியான வரி அதுதான். கூட இருந்த அக்கா அதற்குச் சாட்சி. அன்று எடுத்த படங்கள் தொலைபேசியில் இருந்தால் அழிக்க வேண்டாம். அந்தக் காலை வெப்பநிலை என்ன என்பது கனடியச் சுற்றாடல் திணைக்களத்தின் பதிவுகளில் கிடைக்கும். நீதிமன்றத் தேதிக்கு முன்பே வழக்குத் தொடுநரிடம் இருந்து பொலிஸ் குறிப்புகளைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. அவற்றைப் பார்க்காமல் எந்தப் பேரத்துக்கும் தலையாட்ட வேண்டாம். பார்த்த பிறகு, நெருக்கமாகப் பின்தொடர்தல் போன்ற சிறிய குற்றத்துக்கு மாற்றித்தர அவர்கள் முன்வரலாம். அதற்கும் நாலு புள்ளிகள் உண்டு, ஆகவே கேட்டவுடன் ஒப்புக்கொள்ளக்கூடிய சலுகை அல்ல அது. இந்த வழக்குக்குப் பெரிய சட்டத்தரணி தேவையில்லை. உரிமம் பெற்ற பராலீகல், அதாவது இப்படியான சிறு வழக்குகளில் வாதாடக்கூடிய சட்டப் பணியாளர், போதும். அவருக்கு உரிமம் உண்டா என்று ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பெயர்ப்பட்டியலில் நீங்களே பாருங்கள். அதே சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் அரைமணி நேரம் வரை இலவசமாக ஆலோசனை கேட்கவும் வழி இருக்கிறது.

அத்தானின் யோசனைகள்

அத்தான் உங்கள் மீதுள்ள அக்கறையில் பேசுகிறார், அதை மதிக்கிறேன். ஆனால் இரண்டாவது யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். இல்லாத ஒரு காரைக் குறுக்கே ஓடவிடுவது காப்புறுதி மோசடி. பொலிஸிடம் அன்றே "ஐஸ்ல சறுக்கிட்டுது" என்று சொல்லியிருக்கிறீர்கள். இப்போது கதை மாறினால், உண்மையாகவே உங்களுக்கு உரிய சிகிச்சைப் பணமும் கைவிட்டுப் போகலாம்.

வின்ரர் ரயர் பொய்யோ தேவையே இல்லாத பொய். ஒன்ராறியோவில் கார்களுக்கு வின்ரர் ரயர் கட்டாயம் இல்லை. கியூபெக்கில்தான் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஓல் சீசன் ரயர் போட்டிருந்தீர்கள் என்பதற்காக உங்கள் கோரிக்கையை யாரும் நிராகரிக்க முடியாது. வின்ரர் ரயருக்கான கழிவை வாங்கிக்கொண்டு அதைப் போடாமல் விட்டிருந்தால்தான் சிக்கல். நீங்கள் அந்தக் கழிவை எடுக்கவில்லை என்று எழுதியிருப்பதால் அந்தக் கவலையும் இல்லை.

அரசாங்கத்தின் மீது வழக்கு என்ற முதல் யோசனைக்குச் சட்டத்தில் இடம் உண்டு, கதவு மட்டும் மிக ஒடுக்கம். மாகாண நெடுஞ்சாலை என்றால் மாகாணத்துக்கும், நகர வீதி என்றால் நகரசபைக்கும், விபத்து நடந்த பத்து நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பத்து நாள் எப்போதோ முடிந்துவிட்டது. நகர வீதிகளில் எவ்வளவு பனி சேர்ந்தால் எத்தனை மணித்தியாலத்தில் வழிக்க வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. ஆகப் பெரிய வீதிகளில் 2.5 சென்ரிமீற்றர் சேர்ந்தால் நாலு மணித்தியாலம், ஒழுங்கைகளுக்கு அதைவிடப் பல மடங்கு அவகாசம். உரிய நேரத்தில் வேலை செய்ததைப் பதிவேட்டில் காட்டிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். உங்கள் காயத்தின் அளவையும் கடந்துவிட்ட காலத்தையும் பார்க்கும்போது, இந்த வழியில் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இதை வாசிக்கும் மற்றவர்கள் அந்தப் பத்து நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பாடம்

கடைசி வரிக்கு வருகிறேன். சட்டத்தரணியிடம் கேட்கும் கேள்வி அல்ல அது. ஆனாலும் இந்த நாட்டில் முப்பது குளிர்காலம் ஓட்டியவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

1999 ஜனவரி எனக்கும் நினைவிருக்கிறது. பனி கொட்டிக் கொட்டி, ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே உதவிக்குக் கூப்பிட்ட மாதம். அப்போது நான் இரவில் பத்திரிகை போடும் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு சவளை வைத்து ரயருக்கு முன்னால் கிண்டி, பின்னால் இரண்டு பேர் தள்ளி, கார்க் கம்பளத்தைச் சில்லுக்கு அடியில் கொடுத்து வெளியே எடுத்த விடியற்காலைகள் எத்தனை! உங்கள் அப்பா அந்த மாதத்தில்தான், வெறிச்சோடிக் கிடந்த ஒரு வாகனத் தரிப்பிடத்தில், தன் பழைய ஓல்ட்ஸ்மொபீலில் உங்களை இருத்தி வேண்டுமென்றே சறுக்க விட்டிருக்கிறார். "மிதி, விடு, மிதி, விடு" என்று பக்கத்தில் இருந்து தாளம் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்பா சொன்னது சரி. அந்தக் காருக்கு.

ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் பொறி) இல்லாத காரில் பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் சில்லு பூட்டிக்கொள்ளும். பூட்டிய சில்லு பனியில் வழுக்கும், ஸ்ரியரிங்குக்கும் கட்டுப்படாது. அதனால்தான் அந்தக் காலத்துச் சாரதிகள் விட்டு விட்டு மிதித்தார்கள். நீங்கள் இப்போது ஓட்டுவது 2016 ஆம் ஆண்டுக் கார். 2011 செப்டெம்பருக்குப் பிறகு கனடாவில் விற்கத் தயாரித்த கார்கள் எல்லாவற்றிலும் கார் சறுக்கித் திரும்பாமல் காக்கும் இலத்திரனியல் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். அதோடு ஏபிஎஸ்ஸும் சேர்ந்தே வரும். உங்கள் அப்பாவின் கால் செய்த வேலையை அந்தப் பொறி ஒரு செக்கனுக்குள் பல தடவை செய்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது அழுத்தி மிதித்து, விடாமல் பிடித்திருப்பது. அப்போது மிதிகட்டை பாதத்தின் கீழே தடதடவென்று உதறும், கரகரவென்று ஒரு சத்தமும் வரும். முதல்முறை உணர்பவர்கள் கார் உடைகிறது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக்கூடாது. விட்டு விட்டு மிதித்தால் அந்தப் பொறியின் வேலையை இடையில் நிறுத்திவிடுகிறோம்.

அழுத்திப் பிடித்திருந்தால் அன்று நின்றிருக்குமா? உண்மையைச் சொல்கிறேன், அந்த வளைவில் நிற்காமலும் போயிருக்கலாம். பிளாக் ஐஸில், அதாவது ஈரம்போலத் தெரியும் மெல்லிய ஐஸில், அதுவும் இறக்கத்தில், ஏபிஎஸ் அதிசயம் செய்யாது. திருப்பும் சக்தியைத்தான் அது காப்பாற்றித் தரும், தூரத்தைக் குறைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இப்படி உயர்ந்து நிற்கும் வளைவுகளுக்கும் பாலங்களுக்கும் அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் அவை மற்ற வீதியை முந்தி உறைந்துவிடும். உப்பும் குளிர் கடுமையாகும்போது, கிட்டத்தட்ட பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையைத் தாண்டினால், மந்தமாகிவிடும். வீதி ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன்னால் போகும் காரின் சில்லில் இருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது ஈரம் இல்லை, ஐஸ். மகனுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ரயரைப் பற்றி: சட்டம் கேட்காவிட்டாலும் வரும் நவம்பரில் வின்ரர் ரயர் போட்டுவிடுங்கள். ஏழு பாகைக்குக் கீழே ஓல் சீசன் ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். வீதி வெறுமையாக இருந்தாலும் பிடி குறைந்துவிடும். ரயரின் பக்கத்தில் மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் உள்ள அடையாளத்தைப் பார்த்து வாங்குங்கள். 2016 ஜனவரியில் இருந்து ஒன்ராறியோ நிறுவனங்கள் இதற்குப் பிரீமியத்தில் கழிவு கொடுத்தாக வேண்டும். காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். 2026 ஜூலை 1 முதல் வருமான இழப்பு போன்ற பல நன்மைகள் விருப்பத் தெரிவாகின்றன; மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பு ஆகியவை மட்டுமே கட்டாயமாக மிஞ்சும். சம்பளத்தை நம்பி வாழும் வீட்டில் சில டொலர் மிச்சம் பிடிக்க அதை வெட்டிவிடாதீர்கள்.

மீண்டும் 401 இல் ஏற வேண்டும் என்று உங்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது, நானும் அவசரப்படுத்த மாட்டேன். மனநல ஆலோசகரோடு வாகனத்தில் கூட வந்து பழக்கும் பயிற்சியாளரையும் சிகிச்சைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கலாம். உங்கள் வைத்தியர் ஆதரித்து எழுதினால் அதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. முதல்நாள் வீட்டைச் சுற்றி, பகலில், காய்ந்த வீதியில் ஓடினால் போதும்.

மகனைக் குளிர்காலத்தில் தடுத்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் பனியைத் தனியே சந்திக்கும் இளம் சாரதிக்குத்தான் ஆபத்து அதிகம். அவனிடம் ஜி1 என்ற பழகுநர் அனுமதிப்பத்திரம் இருக்கிறது, உங்களிடம் நாலு வருடத்தைத் தாண்டிய முழு அனுமதிப்பத்திரம் இருக்கிறது. பக்கத்தில் இருந்து பழக்கச் சட்டம் இடம் தருகிறது. தனியார் தரிப்பிடம் என்றால் உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாதம் இன்னும் ஒரு தடவையாவது ஸ்நோ விழும். உங்கள் கழுத்து இடம் கொடுக்கும் ஒருநாள் அவனைக் கூட்டிப் போய், மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகத்தில், "மிதி, விடாதே, பிடி" என்று பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். கட்டை உதறும்போது அவனும் திடுக்கிட்டுக் காலை எடுப்பான். மறுபடி மிதிக்கச் சொல்லுங்கள். பிறகு இடத்தை மாற்றி, நீங்களும் ஒருமுறை அந்த உதறலைக் காலில் உணர்ந்து பாருங்கள்.